புகை போகும் வழி

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ பட்டறைக்கு லாரியைக் கொண்டுவரும் டிரைவர் பெரும்பாலும் புகைக்குழாயைப் பற்றிப் பேசுவதில்லை. "மேடு ஏறுனா இழுவையே இல்லீங்ணா, டீசலும் சேத்திக் குடிக்குதுங்க" என்பார். அனுபவப்பட்ட மெக்கானிக், எஞ்சினைப் பிரிக்கச் சொல்வதற்கு முன்னால் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைவார். மேனிஃபோல்டில் தொடங்கி வால்குழாய் வரை ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டே வருவார். துருவின் செம்பழுப்புக்கு நடுவே ஒரு பக்கமாகச் சிதறிய கறுப்புக் கரி படிந்திருந்தால், வாயு கசியும் இடம் அதுதான். அந்தக் கரி டர்போவுக்கு முன்னால் இருந்துவிட்டால், இழுவை போன காரணமும் கையில் கிடைத்துவிட்டது.

ஏனென்றால் டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுவது வெளியேறும் வாயுதான். வாயு வழியிலேயே கசிந்தால் சக்கரம் மெதுவாகும். எஞ்சினுக்குள் தள்ளப்படும் காற்று குறையும். ஊற்றிய டீசல் முழுதாக எரியாமல் கரும்புகையாகப் போகும். டிரைவர் ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிப்பார். இன்ஜெக்டரை மாற்றி, டீசல் பம்பைக் கழற்றிக் காலிபரேஷனுக்கு அனுப்பி, கடைசியில் ஒரு கேஸ்கெட்டில் வந்து நிற்கும் வேலை இது.

புகைக்குழாயில் ஒரு பாகம் சாகும். அதைக் கொன்றது பெரும்பாலும் வேறொரு பாகமாக இருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் புதிய பாகத்தை மாட்டினால், அதுவும் அதே வழியில் போகும். லாரியின் எக்ஸாஸ்ட் வேலையில் அறிவியல் நுழையும் இடம் இதுதான். கொங்கு நாட்டை விட்டால் இதைப் பேச வேறு நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. நாமக்கல்லில் பாடி கட்டிய லாரிகளும், அங்கிருந்து ஓடும் எல்பிஜி டேங்கர்களும், திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகளும், சங்ககிரியின் சரக்கு லாரிகளும் நாட்டின் எந்த மூலையிலும் கண்ணில் படும். இந்த ஊர்களின் பிழைப்பில் பெரும்பங்கு டீசல் எஞ்சினின் நலத்தைப் பொறுத்தது.

முதலில் அந்தக் குழாய் எதைச் சுமக்கிறது என்று பார்ப்போம். ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள டர்போ எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழல்வதாக வைத்துக்கொள்வோம். டர்போ கிட்டத்தட்ட இருமடங்காக அழுத்தித் தரும் காற்றைக் கணக்கிட்டால், நிமிடத்துக்கு எட்டாயிரம் லிட்டருக்கு மேல் உள்ளே போகிறது. அது 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெளியே வரும்போது விரிந்து இருபதாயிரம் லிட்டரைத் தாண்டிவிடுகிறது. இத்தனையும் நம் கைக்கு அகப்படும் பருமனுள்ள ஒரு குழாய் வழியாகப் போக வேண்டும். வழியில் எங்கே நெருக்கினாலும் பிஸ்டன் தன் உழைப்பில் ஒரு பங்கைப் புகையை வெளியே தள்ளுவதற்கே செலவழிக்கும். டீசல் சேர்த்துக் குடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலரும் எதிர்பார்க்காத இன்னொன்றும் அந்தக் குழாயில் போகிறது: தண்ணீர். டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கும். குழாய் சூடாக இருக்கும்வரை அது நீராவியாகவே போய்விடும். சூடு ஏறுவதற்குள் எஞ்சினை நிறுத்திவிட்டால், சைலென்சரின் குளிர்ந்த தகட்டில் துளித்துளியாகப் படியும். நாமக்கல் மாவட்டம் மழை குறைந்த பூமி. ஆனாலும் அங்கே ஓடும் வண்டியின் சைலென்சர் ஓட்டையாகிறது. துரு வெளியிலிருந்து மழையால் வருவதைவிட உள்ளிருந்து எஞ்சினின் சொந்த நீரால் வருவதே அதிகம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்வரும் வண்டிகளுக்கு மட்டும் உப்புக்காற்று வெளிப்பக்கத்தையும் சேர்த்துத் தின்கிறது.

முன்பு இது இன்னும் மோசமாக இருந்தது. டீசலில் இருந்த கந்தகம் எரிந்து, அந்த நீரோடு சேர்ந்து கந்தக அமிலமாகித் தகட்டை அரித்தது. பிஎஸ்-2 (பாரத் ஸ்டேஜ் மாசு வரம்பு) காலத்தில் பத்து லட்சத்தில் 500 பங்கு கந்தகம் இருக்கலாம் என்றார்கள். பிஎஸ்-3இல் அது 350, பிஎஸ்-4இல் 50, இப்போது பிஎஸ்-6 டீசலில் வெறும் 10. தகட்டின் தரமும் மாறிவிட்டது: இன்று பெரும்பாலும் 11 சதவீதம் அளவுக்குக் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு. அதைச் சாதாரண இரும்பு வெல்டிங் ராடு வைத்து ஒட்டினால், ஒட்டின இடத்திலிருந்தே துரு மறுபடி தொடங்கும். சைலென்சரின் அடியில் கம்பெனியே விட்டிருக்கும் சிறு ஓட்டையைப் பழுது என்று எண்ணி வெல்டு வைத்து அடைப்பவர்களும் உண்டு. தேங்கும் நீர் வடிவதற்கான துளை அது.

இனி மேனிஃபோல்டுக்கு வருவோம். எஞ்சின் தலையோடு ஒட்டியிருக்கும் இந்த வார்ப்பிரும்புக் குழாய்தான் எல்லாவற்றையும்விட அதிகச் சூட்டைத் தாங்குவது. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் முழு லோடோடு ஏறி முடிக்கும் வண்டியில், மேனிஃபோல்டு மங்கிய சிவப்பாகவே தெரியலாம். அது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம் என்றால், அறுநூறு டிகிரி ஏறும்போது ஆறு மில்லிமீட்டர் நீளும். அது பொருந்தியிருக்கும் சிலிண்டர் ஹெட்டோ, தண்ணீர் சுற்றிக் குளிர்விப்பதால், ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. இரண்டையும் அசையாமல் பூட்டி வைத்தால் ஏதாவது ஒன்று உடைந்தே தீரும். அதனால்தான் பெரிய எஞ்சின்களில் மேனிஃபோல்டை இரண்டு மூன்று துண்டாக வார்த்து, ஒன்றுக்குள் ஒன்று நழுவும்படி பொருத்தி, நடுவில் உலோக வளையங்கள் போடுகிறார்கள். வளையம் தேய்ந்து புகை கசிகிறது என்று அந்த மூட்டையே சுற்றி வெல்டு வைத்துவிட்டால் கசிவு அன்றைக்கு நின்றுவிடும். சில ஆயிரம் கிலோமீட்டரில் மேனிஃபோல்டு வேறோர் இடத்தில் கீறும், அல்லது அதை ஹெட்டோடு பிடித்திருக்கும் ஓரத்து ஸ்டட் ஒடியும். நகர்வதற்கென்றே செய்த மூட்டு நகர முடியாமல் போனதுதான் காரணம்.

ஒடிந்த ஸ்டட்டை எடுப்பது இந்த வேலையில் பொறுமையின் உச்சம். பல ஆண்டுகள் சூடாகிக் குளிர்ந்த நட்டு, ஸ்டட்டின் மரைக்குள் துருவால் ஒட்டிப்போயிருக்கும். நீளமான பைப்பை ஸ்பேனரில் செருகி முறுக்கினால் நட்டு கழலாது, ஸ்டட்தான் முறியும். கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் வேகமாகச் சூடேற்றுவது ஏன் பலன் தருகிறது? பத்து மில்லிமீட்டர் துளையுள்ள நட்டு, உள்ளே இருக்கும் ஸ்டட்டைவிட நானூறு டிகிரி அதிகம் சூடானால், அதன் துளை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலும். அவ்வளவுதான். ஆனால் துருவின் பிடியை உடைக்க அந்த இடைவெளி போதும். ஸ்டட்டுக்கும் சூடு பரவிவிட்டால் இரண்டும் சேர்ந்து விரியும், பலன் கிடையாது. எனவே சூடு காட்டும் கை வேகமாகவும் திருப்பும் கை மெதுவாகவும் இருக்க வேண்டும். ஸ்டட் ஹெட்டின் மட்டத்தில் முறிந்துபோனால், அதன்மேல் ஒரு புது நட்டை வைத்து உள்ளே வெல்டு நிரப்புவார்கள். அந்த வெல்டின் சூடே பிடியைத் தளர்த்தும், நட்டைப் பிடித்துத் திருப்பலாம். நம் பட்டறைக்காரர்கள் கையில் இந்த வித்தை அழகாக அமைந்திருக்கிறது.

டர்போவுக்குக் கீழே வண்டியின் அமைப்பே இரண்டாகப் பிரிகிறது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்மேல் உட்கார்ந்து அதிர்கிறது. சைலென்சர் சேஸில் தொங்குகிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று மீட்டர் எஃகுக் குழாய் ஓடினால், நானூறு டிகிரி சூட்டில் அது மட்டுமே 14 மில்லிமீட்டர் நீளும். இந்த நீட்சியையும் அதிர்வையும் வாங்கிக்கொள்ளத்தான் மடிப்பு மடிப்பான பெல்லோஸ் இருக்கிறது. பெல்லோஸ் கிழிந்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் மவுண்டிங்கும் சைலென்சர் பிராக்கெட்டும்தான். ஒரு பிராக்கெட் ஒடிந்து சைலென்சரின் பாரம் குழாயில் தொங்கினால் எத்தனை பெல்லோஸ் மாட்டினாலும் கிழியும். மாட்டும்போதும் ஒரு முறை உண்டு: எல்லாக் கிளாம்புகளையும் தளர்வாகப் போட்டு, குழாய் தன் இயல்பான இடத்தில் உட்கார்ந்த பிறகு, முன்னாலிருந்து பின்னால் வரிசையாக இறுக்க வேண்டும். இழுத்துப் பிடித்துப் பூட்டிய குழாய் வண்டி கிளம்புவதற்கு முன்பே பாதி ஆயுளை இழந்திருக்கும்.

சைலென்சர் ஒலியை எப்படிக் குறைக்கிறது என்பதையும் கணக்காகவே பார்த்துவிடலாம். ஆறு சிலிண்டர் எஞ்சின் 1,500 சுற்றில் நொடிக்கு 75 முறை புகையை வெடிப்போடு தள்ளுகிறது. முந்நூறு டிகிரி வாயுவில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 480 மீட்டர் போகும். ஆகவே அந்த உறுமலின் அலைநீளம் ஆறு மீட்டருக்கும் மேல். இவ்வளவு நீண்ட அலையைப் பஞ்சு அடைத்துத் தடுக்க முடியாது. குறுகிய குழாயிலிருந்து அகன்ற அறைக்கு வாயு நுழையும் இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பி வரும். அறைகளின் நீளத்தைக் கணக்கிட்டு அமைத்தால், திரும்பி வரும் அலையின் மேடு, வரும் அலையின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஒத்ததிர்வு அறைகள்தாம் இன்றைக்கும் சைலென்சருக்குள் இருக்கின்றன. உள்தகடு கழன்று கலகலக்கும் சைலென்சரை வெறும் இரைச்சல் பிரச்சினை என்று விட்டுவிடக் கூடாது. கழன்ற தகடு ஒருநாள் வெளிவழியில் குறுக்காக நின்று வாயுவை அடைக்கும்.

எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. புகைக்குழாயில் ஒரு தட்டு வால்வு மூடிக்கொள்ள, பிஸ்டன்கள் அடைபட்ட வாயுவை எதிர்த்துத் தள்ள வேண்டியதாகி வண்டியின் வேகத்தைப் பிடிக்கின்றன. தருமபுரியிலிருந்து சேலத்தை நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில், வீல் டிரம்முகள் சூடேறிப் பிடிப்பை இழக்காமல் காப்பது இதுதான். கியரில் இருந்தால்தான் இது வேலை செய்யும். நியூட்ரலில் இறக்கினால் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தும் இல்லாததுபோலத்தான். அதேபோல வால்வுக்கு முன்னால் ஒரு மூட்டில் கசிவிருந்தால் அழுத்தம் ஏறாது. சமவெளியில் வெறும் சத்தமாகத் தெரிந்த கசிவு, கணவாயில் உயிர்ப் பிரச்சினையாகிவிடும்.

2020 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதும் பிஎஸ்-6 வந்தது. பிஎஸ்-5ஐத் தாண்டிக் குதித்து வந்த மாற்றம் அது. கனரக எஞ்சினின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு ஒரு யூனிட் ஆற்றலுக்கு 3.5 கிராமிலிருந்து 0.4 கிராம் அளவுக்கு இறங்கியது. பல வண்டிகளில் அன்று வரை வெறும் தகரமாக இருந்த சைலென்சரின் இடத்தில் மூன்று வினைகலங்கள் வந்து உட்கார்ந்தன. முதலாவது பிளாட்டினம், பல்லேடியம் பூசிய ஆக்சிஜனேற்ற வினையூக்கி. அடுத்தது கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி. மூன்றாவது யூரியாக் கரைசலின் அமோனியாவைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றும் எஸ்சிஆர்.

டிபிஎஃப்பைச் சல்லடை என்று நினைத்தால் அதன் பழுதே புரியாது. அதன் பீங்கான் சுவரிலுள்ள துளைகள் பத்து மைக்ரான் அளவுக்கு மேல். கரித்துகளோ அதில் நூறில் ஒரு பங்குதான். சல்லடையாக இருந்தால் எல்லாம் உள்ளே புகுந்து போய்விடும். ஆனால் அவ்வளவு சிறிய துகள் நேர்கோட்டில் போவதில்லை. வாயு மூலக்கூறுகள் மோதி மோதி அது தாறுமாறாக அலைகிறது. அலையும் துகள் சுவரில் பட்டு ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஒட்டிய கரியே அடுத்த கரிக்கு வடிகட்டியாகிறது. சேர்ந்த கரியை எரிக்க இரண்டு வழி. வண்டி நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஓடும்போது 250 டிகிரிக்கு மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு அதை மெல்ல எரித்துவிடும். அது போதாதபோது எஞ்சினின் கம்ப்யூட்டரே கூடுதல் டீசலை ஊற்றி வெப்பத்தை 550, 600 டிகிரிக்கு ஏற்றும். இதைத்தான் ரீஜென் என்கிறோம்.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என்று கிட்டத்து ஊர்களுக்கு நூல் ஏற்றி, மில் கேட்டில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும் வண்டியில் முதல் வழி கிட்டத்தட்ட அடைபட்டுப் போகிறது. குழாய் போதுமான சூட்டை எட்டுவதில்லை. இரண்டாம் வழியில் ரீஜென் தொடங்கிய நேரத்தில் டிரைவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார். கரி சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் எல்லாம் ஒருசேரப் பற்றினால் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டிப் பீங்கான் விரிசல் விடும். பாகத்தின் விலை லட்சத்தில் பேசப்படுவது. வண்டி உரிமையாளர் கம்பெனியைத் திட்டுவார். ஆனால் டர்போவின் ஆயில் சீல் கசிந்தாலும், இன்ஜெக்டர் சொட்டினாலும் இதே கதிதான். அந்தச் சீலைப் பார்க்காமல் புது டிபிஎஃப் மாட்டுவது பணத்தைத் தீயில் போடுவதுதான். எஞ்சின் ஆயிலிலுள்ள கால்சியம், துத்தநாகம் முதலியவற்றின் சாம்பல் எந்த ரீஜெனிலும் எரியாது. வடிகட்டியைக் கழற்றித்தான் அதைச் சுத்தம் செய்ய முடியும். அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயிலை ஊற்றச் சொல்கிறார்கள்.

நாமக்கல்லின் டேங்கர்காரர்களுக்கு இதில் தனிக் கவலை உண்டு. எரிபொருள் டேங்கரின் சைலென்சரும் தீப்பொறி தடுப்பானும் தொட்டியிலிருந்து விலகி முன்பக்கம் இருக்க வேண்டும் என்பது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிமுறை. ரீஜென் நடக்கும்போது வால்குழாயே அனல் கக்கும். லோடிங் பாயிண்டில் அது தொடங்காதிருக்கப் பல வண்டிகளில் ரீஜென் தடுப்பு சுவிட்ச் இருக்கிறது. வெளியே வந்ததும் அதை விடுவிக்க மறந்தால், மாதக்கணக்கில் கரி சேரும்.

யூரியா விஷயத்தில் என் கவலை இன்னும் அதிகம். எஸ்சிஆருக்காக ஊற்றும் டிஇஎஃப் என்பது 32.5 சதவீத யூரியா, மீதி தாதுநீக்கிய நீர். வயலுக்கு வாங்கிய யூரியாவைப் போர்த்தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் விவசாயமும் லாரியும் ஒரே வீட்டில் இருக்கும் நம் பகுதியில் இருப்பது இயல்புதான். கணக்கைப் பாருங்கள். உர யூரியாவில் பையூரெட் என்ற கழிவு 1.5 சதவீதம் வரை அனுமதி. அதைக் கரைத்தால் கரைசலில் 0.5 சதவீதத்தை நெருங்கும்; டிஇஎஃப் தரம் அனுமதிப்பது 0.3 மட்டுமே. அதோடு, 2015 முதல் நம் நாட்டு உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. கால்சியம் ஒரு கிலோ கரைசலில் அரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது; கொங்கு நாட்டுப் போர்த்தண்ணீரின் உப்பில் அது நூறு மடங்குக்கும் மேல் இருக்கும். அந்தச் சுண்ணாம்பு டோசிங் நாசிலின் நுண்துளையை அடைக்கும், வினையூக்கியின் பரப்பை மூடும். ஊற்றியது நல்ல கரைசலாகவே இருந்தாலும், குழாய் இருநூறு டிகிரிக்குக் கீழே இருந்தால் யூரியா முழுதாகப் பிரியாமல் வெள்ளைக் கல்லாக இறுகிவிடும். இறுகியது கரைய முந்நூற்றைம்பது டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தக் கல்லை உளியால் தட்டி எடுக்கப் போய் உள்ளே இருக்கும் மிக்ஸர் தகட்டை வளைத்துவிடுகிறார்கள். புதிதாகப் படிந்ததை வெந்நீரில் ஊறவைத்தே கரைத்துவிடலாம்.

இத்தனை தொல்லையா, எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போட்டுவிடலாம், கம்ப்யூட்டரை ஏமாற்ற ஒரு எமுலேட்டர் மாட்டிவிடலாம் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறாக மாற்றுவதைத் தடை செய்கிறது. அதைவிடப் பெரிய காரணம் உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் வரிசையில் சேர்த்தது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் பட்டறையில் வால்குழாய்க்குப் பின்னால் நிற்கும் பையன்தான். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு மூட்டுகளைச் சோதிக்கும்போது புகையை வெளியே கொண்டுபோக ஒரு நீளக் குழாயாவது மாட்ட வேண்டும். அதற்கான செலவை எந்த உரிமையாளராலும் தாங்க முடியும்.

பிஎஸ்-6 வண்டியில் புது பாகம் மாட்டும்போது பழைய கேஸ்கெட்டையும் கிளாம்பையும் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை நசுங்கிப் பொருந்திய கேஸ்கெட் மறுபடி அதே அளவுக்கு அடைக்காது. எஸ்சிஆருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரின் கணக்கு பிசகி, எஞ்சின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். சேஸில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பையும், தயாரிப்பாளர் சொல்லும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் இணைப்பையும் கழற்ற வேண்டும். டிபிஎஃப்பை மாற்றினால் ஸ்கேனரில் அதன் சாம்பல் கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பழைய வடிகட்டியே இருப்பதாக எண்ணித் தவறான நேரத்தில் ரீஜெனைத் தொடங்கும். மேனிஃபோல்டு நட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் மாறி மாறி, டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். முதல் லோடு போய்வந்து எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, அதே வரிசையில் இன்னொரு முறை பார்த்துவிட்டு வண்டியை அனுப்பலாம்.